முகம் விழாத கேமரா

கார்த்தி,

இந்தக் காகிதத்தை உன் பட்டு வேட்டியின் மடிப்புக்குள் வைக்கப் போகிறேன். நீ கப்பலை விட்டு இறங்கி, விமானம் பிடித்து, திருவொற்றியூர் வந்து சேர்ந்து, உன் அம்மா ஆக்கிப்போடுவதையெல்லாம் தின்று முடித்து, கல்யாணத்தன்று காலையில் வேட்டியைப் பிரிக்கும்போது இது உன் கையில் விழும். போனில் பேசிப் பதிவு செய்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்துவிடுவாள், கொஞ்ச நேரத்தில் கதை அவளுடையதாகிவிடும். எழுதும்போது மட்டும்தான் இந்த வீட்டில் என்னை யாரும் குறுக்கே மறிப்பதில்லை. விஷயத்துக்கு வருகிறேன். நீ நடுக்கடலில் இருந்தபோது உன் கல்யாணப் பேச்சு நின்றுபோயிருந்தது. நீ போன் செய்து கேட்டபோதெல்லாம் "எல்லாம் ஷோக்கா போயிக்கினு கீதுடா" என்று நாங்கள் சொன்னது பொய். நின்றதற்குக் காரணம் அணு. மறுபடி கூடியதற்கும் அதே அணுதான் காரணம். சிரிக்காமல் மேலே படி.

இதற்கெல்லாம் விதை போட்டவன் நீதான். பள்ளியில் படிக்கும்போது "என் அப்பா" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள், நீ "என் அப்பா கேமராமேன்" என்று எழுதிவிட்டு வந்தாய். உன் மேல் தப்பில்லை. வீட்டில் நான் பேசுவதெல்லாம் "கேமராவை ஏத்தியாச்சா, கேமராவைப் பூட்டியாச்சா, பிலிம் கழுவியாச்சா" என்றுதான் இருக்கும். எண்ணூரிலும் மணலியிலும் பெரிய பெரிய குழாய்களை வெல்டிங் வைத்து இணைக்கிறார்கள் அல்லவா, அந்த இணைப்புக்குள் ஓட்டையோ வெடிப்போ இருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. குழாயின் ஒரு பக்கம் பிலிமைக் கட்டிவிட்டு, மறுபக்கம் கதிர் வீசுகிற ஒரு சின்ன உலோகத் துண்டைக் கொஞ்ச நேரம் வெளியே கொண்டுவந்து காட்டினால், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி உள்ளே இருப்பது பிலிமில் பதிந்துவிடும். அந்தத் துண்டைப் பூட்டி வைத்திருக்கும் கனமான பெட்டிக்குத்தான் எங்கள் தொழிலில் கேமரா என்று பெயர். இதை நீ வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டாய். ஆனாலும் வாணியிடம் முதன்முதலில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, பழைய வாய்ப்பழக்கத்தில் "அப்பா கேமரா வேலை பாக்குறாரு" என்று சொல்லி வைத்தாய். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அவள் அம்மா தேசம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். அவர் காதில் விழுந்த செய்தி ஏலம் முடிவதற்குள் துறைமுகம் முழுக்கப் போய்விடும். சம்மந்தி சினிமா கேமராமேன் என்று ஆகிவிட்டது.

நிச்சயம் பேச அவர்கள் நம் வீட்டுக்கு வந்த அன்று நீ பார்த்திருக்க வேண்டும். ஆட்டோக்களிலிருந்து இறங்கிய அத்தனை பேர் முகத்திலும் பவுடர், பெண்கள் தலையில் ஆளுக்கு ஒரு முழம் பூ, வாணியின் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு. காபி கூட குடிக்கவில்லை. வாசலில் வரிசையாக நின்றுகொண்டு, "சம்மந்தி, வெளிச்சம் நல்லாக்கீது, கேமராவ எடுத்துனு வா, ஒரு போட்டோ புட்ச்சிடு" என்றார் தேசம்மா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் கேமராவுல முகம் விழாது சம்மந்தி, வெல்டிங்தான் விழும்" என்று சொல்லி என் வேலையை விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமன் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். "கதிருன்றியே, அணுக்கதிரா?" என்றார். ஆமாம் என்றேன். "அணுகுண்டுல கீதே, அந்த அணுவா?" என்றார். "எல்லாம் அணுதான், ஆனா..." என்று ஆரம்பித்தேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. தேசம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வர்றோம் சார்" என்றார். சற்று முன்பு வரை நான் சம்மந்தி, இப்போது சார். எனக்கு அது சுருக்கென்று இருந்தது.

அதன் பிறகு எத்தனை முறை போன் போட்டாலும் "யோசிச்சு சொல்றோம் சார்" என்ற பதில்தான். உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசியாகப் பேசியது, "ஒரு போட்டோ எடுக்கத் தெரியாது உனக்கு, பெரிசா வெளக்கம் சொல்ல வந்துட்ட" என்பதுதான். பிறகு வாணி எனக்குத் தனியாக போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு உங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குப் பொறக்கப் போற கொழந்தைய நெனச்சு பயப்படுது. நான் எடுத்துச் சொன்னா, நீ அவன் கட்சின்னுது. நீங்களே வந்து பேசுங்க மாமா" என்றாள். நீ அங்கே கப்பலில் என்ஜினைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாய், உனக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பெண்ணை நான் என் தொழிலால் உனக்கு இல்லாமல் செய்துவிடுவேனோ என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தோடுதான் மறுநாள் வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து காசிமேட்டுக்குப் போனேன்.

தேசம்மா அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்றார், தலையை நிமிர்த்தவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்களுக்கு வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஓர் அம்மா வருவார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த வருஷமானாலும் அணுவின் கதையை ஆதியிலிருந்து சொல்லித்தான் பாடத்துக்குள் போவார். மற்றவர்கள் தூங்கி வழிவார்கள், எனக்கு மட்டும் அந்தக் கதை பிடிக்கும். பெயர்கள்தான் மண்டையில் நிற்காது, அதையெல்லாம் நீ தேடிக்கொள். அந்தக் கதைதான் அப்போது கைகொடுத்தது. "சம்மந்தி, இந்த மீன வெட்டிக்கினே போனா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கொழம்பு ஆவும்" என்றார்.

"அது இல்ல, துண்ட ரெண்டா வெட்டு, அத்த ரெண்டா வெட்டு, அத்தையும் ரெண்டா வெட்டு. ஒரு எடத்துல இனிமே வெட்ட முடியாதுன்னு ஒரு துணுக்கு வரும்ல? ரொம்ப காலத்துக்கு முன்னால கிரீஸ் நாட்டுல ஒர்த்தர் அதான் அணுன்னார். அவுங்க பாஷையில அந்தப் பேருக்கே வெட்ட முடியாததுன்னுதான் அர்த்தம்" என்றேன். தேசம்மா ஒரு துண்டை வெட்டித் தட்டில் போட்டார். "வெட்ட முடியாததுன்னு ஒண்ணு கீதா இன்னா? வெட்ட முடியலன்னா கத்திய தீட்டலன்னு அர்த்தம் சார்" என்றார். கார்த்தி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. வகுப்பு எடுக்கும் அம்மா இரண்டு மணி நேரம் சொல்வதில் பாதி இதுதான். தேசம்மா இதை என் வாயை அடைக்கச் சொன்னார் என்பது வேறு விஷயம். நான் அந்தக் கத்திப் பேச்சையே பிடித்துக்கொண்டேன்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார் என்று சொன்னேன். அறுத்து முடித்த வயலில் சிந்திக்கிடக்கும் தானியத்தைப் பொறுக்கித் தின்று வாழ்ந்தவராம், அவரும் பிரிக்கவே முடியாத துணுக்கு உண்டு என்றார். நிலத்துக்கு ஒரு வகை, நீருக்கு ஒரு வகை, தீக்கும் காற்றுக்கும் தனித்தனி வகை. தமிழ்நாட்டில் ஆசீவகர் என்ற கூட்டத்தார் அந்த நாலோடு உயிரையும் சேர்த்து ஐந்து என்றார்கள். "உசுரும் அணுவா?" என்று தேசம்மா வெட்டுவதை நிறுத்தினார். அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். "இவுங்கள்லாம் அத்த கண்ணால பாத்தாங்களா?" என்றார். இல்லை, உட்கார்ந்து யோசித்தே சொன்னார்கள். அணு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சண்டை போட்டவர்களும் இருந்தார்கள், மேல்நாட்டில் ரொம்பக் காலம் அவர்கள் பேச்சுத்தான் எடுபட்டது. யாராலும் எதையும் காட்ட முடியவில்லை. "கத்தி இல்லாமயே மீன் வெட்னாங்கன்னு சொல்லு" என்றார். இதற்குள் அவர் என்னை "சொல்லு" என்று மறுபடி ஒருமையில் கூப்பிட ஆரம்பித்திருந்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

முதல் கத்தியைத் தீட்டியவர் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தினமும் மழையையும் காற்றையும் கவனித்து எழுதி வைப்பவர். பொருள்கள் ஒன்றோடொன்று சேரும்போது இஷ்டத்துக்குச் சேர்வதில்லை, கணக்காகத்தான் சேர்கின்றன என்று கண்டார். இதைத் தேசம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் முழித்தபோது, எதிர்ப்பக்கம் ஒரு பெண் மத்தி மீனைக் கூறு கட்டி வைத்திருந்தது கண்ணில் பட்டது. "ஒரு கூறு வாங்கலாம், ரெண்டு கூறு வாங்கலாம். கூறக் கலைச்சு அரைக் கூறு கேட்டா தருவியா?" என்றேன். "மூஞ்சியிலயே அடிப்பேன்" என்றார். அதேதான், அணுவும் முழுசு முழுசாகத்தான் சேரும், அரை அணு வராது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை அணு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. பிறகு இன்னொருவர் கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தை விட்டு, அணுவைவிடச் சின்னதாக ஒரு துகள் இருக்கிறது என்று காட்டினார். வெட்ட முடியாதது என்று பெயர் வைத்ததை வெட்டியாகிவிட்டது. "நான் சொன்னேன்ல?" என்றார் தேசம்மா, ஏதோ அவரே அந்தக் குழாயை ஊதிச் செய்தவர் போல.

அதற்கடுத்தவர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தங்கத்தை மெல்லிசாகத் தகடு அடித்து, அதன் மேல் அணுத்துணுக்குகளைச் சுட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாம் தகட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டன, ஏதோ ஒன்றிரண்டு மட்டும் சுட்டவர் பக்கமே திரும்பி வந்தன. அப்படியென்றால் அணுவுக்குள் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, நடுவில் மட்டும் ஒரு கெட்டியான கொட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தேசம்மா மீன் கையாலேயே மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ள எல்லாம் காலியா?" ஆமாம் என்றேன். "அடகுக் கடையில மட்டும் சொல்லிடாத" என்றார். பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கொட்டையைச் சுற்றி அந்தச் சின்னத் துகள்கள் ஓடுகின்றன, ஆனால் எந்த நேரத்தில் எங்கே என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, இந்தப் பக்கம் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும் என்றேன். "எங்கூட்டுக்காரர் கடலுக்கு எடுத்துனு போற போட்டு மாரி" என்றார் தேசம்மா. கொட்டையையும் பின்னால் உடைத்துப் பார்த்தார்கள், அதற்குள்ளும் துகள்கள், அவற்றுக்குள்ளும் இன்னும் சின்னத் துகள்கள். இன்றைக்கும் யாரோ எங்கேயோ கத்தி தீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "இந்த மீனும் அணு, அரிவாமனையும் அணு, நீயும் அணுதான் சம்மந்தி" என்று முடித்தேன். "சுத்தி வளைச்சு என்னக் குண்டுன்ற" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "கதையெல்லாம் நல்லாக்கீது சார். உன் பொட்டியில கீறது இன்னா, அத்த சொல்லு" என்றார். மறுபடி சார். சில அணுக்களுக்கு நடுவில் இருக்கும் கொட்டை நிலைகொள்ளாமல் தவிக்கும், தன்னிடம் அதிகமாக இருப்பதைக் கதிராக வீசிவிட்டுத்தான் அடங்கும். அந்தக் கதிரைத்தான் நாங்கள் வெல்டிங் பார்க்கப் பயன்படுத்துகிறோம் என்று சொன்னேன். "ஆபத்தே இல்லன்றியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி ஆசை வந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் சொல்ல வரவில்லை. "ஆபத்து கீது. அது வெளிய வந்திருக்கும்போது கிட்ட நின்னா ஆபத்து. அதுக்குத்தான் கயிறு கட்டி, போர்டு வெச்சு, தூரமா நின்னு வேல செய்யறோம். நெஞ்சுல பேட்ஜ் மாட்டிக்கினு கீறோம், எவ்ளோ பட்டுச்சுன்னு அது சொல்லிடும்" என்றேன். இப்படிப்பட்ட பொருளை முதலில் பிரித்தெடுத்த விஞ்ஞானி ஒரு பெண் என்றும், ஆபத்து தெரியாமல் கையாலேயே அள்ளிப் புழங்கி, அதனாலேயே சீக்கு வந்து செத்தார் என்றும் சொன்னேன். தேசம்மா உச்சுக் கொட்டினார். "அந்தம்மாவுக்குக் கயிறு கட்ட ஒர்த்தரும் இல்லாம பூட்டாங்களே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் கதையைக் கேட்கிறேன், ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

பிறகுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. "கடல்ல ஆபத்து இல்லன்னு சொல்றவன நான் நம்ப மாட்டேன், நீ கீதுன்னு சொன்ன, நம்பறேன். ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. வேல முடிஞ்சு வூட்டுக்கு வரச்சொல்ல அது உன் மேல ஒட்டிக்கினு வருமா? நாளைக்கு என் பொண்ணு மேல ஒட்டுமா? அவ புள்ள மேல ஒட்டுமா?" எதற்காக அப்படிக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். வாணி பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் எழுந்து போய்விட்டாளாம், மீன் நாற்றம் அடிக்கிறது என்று. மூன்று சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தொடுவாராம் தேசம்மா. இன்றைக்கும் பஸ்ஸில் அவர் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவாராம். வேலையிலிருந்து என்னென்ன வீட்டுக்கு ஒட்டிக்கொண்டு வரும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

"ஒட்டாது" என்றேன். "மீன்லேந்து துணுக்கு கெளம்பி காத்துல வந்து துணியில உக்காருது, அதான் வாசன, அது ஒட்டும். என்னுது வெளிச்சம் மாரி. வெளக்க அணைச்சா செவுத்துல வெளிச்சம் ஒட்டிக்கினா கீது? வீசற துண்ட உறைக்குள்ள வெச்சு மூடி கீது, அந்த உறை கெட்டுப் போச்சான்னு பாக்கறதே தனி வேல. நம்ம ரெண்டு பேர்ல ஒட்டறது உன் தொழில்தான் சம்மந்தி, என்னுது இல்ல." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் போய் உன்மேல்தான் நாற்றம் ஒட்டும் என்று சொல்லியிருக்கிறேன், போதாக்குறைக்கு எதிரில் அரிவாள்மனை வேறு. தேசம்மா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அப்ப பஸ்ஸுல நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா, எழுந்து போக வேண்டியவன் நீதானா?" கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். "நான் எழுந்து பூட்டேன் பாரு அன்னிக்கு, உன் வூட்டுலேந்து. பஜ்ஜிய கூட துன்னாம" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், வஞ்சிரம் துள்ளி எழுந்திருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பையில் துண்டங்களை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். "எடுத்துனு போ சம்மந்தி. வூட்ல தங்கச்சிகிட்ட சொல்லு, நாளைக்கு வர்றோம், பஜ்ஜி போட்டு வெக்க சொல்லு" என்றார்.

சம்மந்தி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது டோல்கேட் ஸ்டாப் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஜன்னலோரமாகத் தள்ளி வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

புத்திமதி சொல்லாமல் முடித்தால் நான் அப்பனே இல்லை, அதனால் சொல்கிறேன். நாளைக்கு மாத்தூரில் தனிக்குடித்தனம் வைத்த பிறகு வாணி ஏதாவது ஒன்றுக்குப் பயந்தால், அந்தப் பயம் உனக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தால், உடனே விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதே. என்னைப் போல "ஆனா" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். டப்பைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேள். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல், ஆபத்து இருந்தால் இருக்கிறது என்று சொல். உன் மாமியார் வீட்டுக்குப் போகும்போது மீன் வாசனை அடித்தால் மூக்கைத் தொடாதே, அரிக்கிறது என்றாலும் தொடாதே. இன்னொன்று, உன் வேலை என்ன என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லி வை. கப்பலில் வேலை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. தாய்மாமன் உன்னைக் கேப்டன் என்று காசிமேடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், அதை நீயே பார்த்துக்கொள்.

என் கேமரா விவகாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. தேசம்மா மறுநாள் வந்து தட்டு மாற்றியபோது ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் போனார். ஊர் முழுக்கச் சம்மந்தி கேமராமேன் என்று சொல்லியாகிவிட்டதாம், இனி வாபஸ் வாங்க முடியாதாம். அதனால் தாலி கட்டி முடித்ததும் முதல் போட்டோவை நான்தான் எடுக்க வேண்டும். காசிமேட்டு ஜனமே அதைப் பார்க்க வருகிறதாம். உன் அம்மாவின் போனை வைத்து ஒரு வாரமாகப் பழகுகிறேன். எடுத்ததில் உன் அம்மாவுக்குத் தலை வெட்டுப்பட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனைக்கு வால் இல்லை. படம் என்றால் இத்தனை வருஷமாக உள்ளே எங்கே ஓட்டை, எங்கே வெடிப்பு என்றே தேடிப் பழகிய கண், சிரிக்கிற முகத்தை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. ஆகவே மேடையில் நான் போனைத் தூக்கி ரொம்ப நேரம் குறி பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுகொள்ளாதே. வாணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்துக் கொஞ்சம் அதிக நேரம் சிரி. என் கேமராவில் முதல் முகம் விழப்போகிறது, அது உன் முகமாக இருக்கட்டும்.

வேட்டியைக் கசக்காமல் கட்டு.

அப்பா